வானத்துக்கு ஒரே ஒரு தாள்

ட்ரான்ட்ஹைம், ஜனவரி, மூன்றரை மணி.
சன்னலுக்கு வெளியே பகல் முடிந்துவிட்டது.
மேசைமேல் ஒரு சோதனைக் கைபேசி,
உள்ளங்கையில் வைத்தால் இதமாக இருக்கிறது.
இதமாக இருக்கக் கூடாது.
அதுதான் புகார்.

உள்ளே ஒரு மீன்பிடி விளையாட்டு:
ஒரு படகு, ஒரு கலங்கரை விளக்கம்,
நாற்பதாயிரம் முக்கோணங்களால் ஆன கடற்பறவைகள்.
எல்லாவற்றுக்கும் பின்னால்
திரையைவிடப் பெரிய ஒற்றை முக்கோணம்: வானம்.

திரையைப் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளாக
நறுக்கி வைத்திருக்கிறோம்.
எண்ணாயிரத்து நூற்று அறுபது கட்டங்கள்.
ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது
சில்லுக்குள்ளேயே, நகக்கண் அளவு இடத்தில்,
வரைந்து, அழித்து, மேலே பூசி,
கடைசியில் ஒரே ஒரு முறை வெளியே போய்ப்
பெரிய நினைவகத்தில் தன்னை இறக்கிவைத்து வரும்.

வெளியே போவதுதான் செலவு.
இந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை:
கம்பளிக் காலுறை, மேல்கோட்டு, பூட்ஸ், கையுறை,
ஒரு குப்பைப் பையைக் கீழே போட்டு வர.

யார் முன்னே, யார் பின்னே என்ற கணக்கைப்
படம் முடிந்தபின் யாரும் கேட்பதில்லை.
அதையும் சுமந்துகொண்டு வெளியே போவதைப்
போன மாதமே நிறுத்திவிட்டோம்.
சூடு குறைந்தது. போதவில்லை.

ஐன்ட்ரிடேதான் பட்டியல்களைத் திறந்தான்.
கட்டத்துக்கு ஒரு பட்டியல்,
எந்த முக்கோணம் என்மேல் விழுகிறது என்று.
பறவையின் அலகு மூன்று பட்டியல்களில்.
நங்கூரக் கயிறு பதினொன்றில்.
வானம்?
எண்ணாயிரத்து நூற்று அறுபதிலும்.
வானத்தின்மேல் மூடுபனி, ஏழு அடுக்கு;
ஒவ்வோர் அடுக்கும் அதேபோல்,
வீடு வீடாகத் தன் பெயரை எழுதிக்கொண்டு,
நொடிக்கு அறுபது முறை.

"மூடுபனியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்" என்றேன்.
"செய்தவர்கள் லொஃபோட்டன்காரர்கள்.
அலுவலகத்தையே குறைப்பார்கள், மூடுபனியைக் குறைக்க மாட்டார்கள்."

வீட்டுக்கு வந்தேன்.
எங்கள் மாடிப்படிக் கதவில் ஒரு தாள்:
செவ்வாய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, தண்ணீர் வராது.
நான்கு மூலைக்கும் ஒட்டுநாடா, ஒரு மூலை பிய்ந்து.
உள்ளே வரிசையாக இருபத்துநான்கு அஞ்சல் பெட்டிகள்,
ஒன்றிலும் இது இல்லை.
பூட்ஸின் பனி உருகிக் குட்டையாகும்வரை
அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
மறுமுறை படித்தும் அதே தண்ணீர்தான்.

மறுநாள் கதவுகள் வைத்தோம்:
பதினாறு கட்டத்துக்கு ஒரு கதவு,
அதற்கு மேல் இன்னும் பெரியது,
உச்சியில் மொத்தத் திரைக்கும் ஒன்று.
வானம் ஒரே வரியில் அடங்கியது.
அலகு தன் பெட்டியிலேயே இருக்கட்டும்;
வங்கிக் கடிதத்தைக் கதவில் ஒட்டுவார்களா?

இப்போது ஒவ்வொரு கட்டமும்
கதவையும் படிக்க வேண்டும், பெட்டியையும் படிக்க வேண்டும்,
இரண்டையும் வந்த வரிசையில் கோக்க வேண்டும்.
கோத்ததில் எனக்குக் கை தவறியது.
எல்லா மூடுபனியும் கடைசியில் வந்து விழுந்தது.
இரண்டு நாள் எங்கள் கடலில்
பறவையே இல்லை.
ஐன்ட்ரிடே அதை ஒரு படம்பிடித்து
காப்பி இயந்திரத்துக்கு மேல் ஒட்டினான்.

செவ்வாய், ஒன்பதரை. கதவு தட்டப்படுகிறது.
மூன்றாம் மாடி ஹெஸ்ட்னெஸ் அம்மாள்,
கையில் காலிக் கெண்டி.
"தண்ணீர் வரவில்லையே,
எங்களுக்கெல்லாம் சொல்லவே மாட்டார்களா?"
கதவு என்று ஆரம்பித்தேன். விட்டுவிட்டேன்.
இரவே பிடித்துவைத்த பானையிலிருந்து
அவர் கெண்டியை நிரப்பினேன்.

கோட்டுப் பைக்குள் சோதனைக் கைபேசி,
ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது,
பறவைகளோடு.
தொட்டுப் பார்த்தேன்.
வெளியிலிருந்து இப்போதுதான் வந்தவரின் விரல்போல்
ஜில்லென்று இருந்தது.